பல்லிக்குத் தூக்கம் வந்த பாட்டு

குளத்துத் தவளைகள் ஒரு ராக் கோஷ்டி வைத்திருந்தன. மழை தொடங்கியதும் வெளியான அவற்றின் புது ஆல்பத்தைப் பற்றிச் சுவர்ப்பல்லி விமர்சனம் சொன்னது: "டிரம்ஸ் அபாரம். கடைசிப் பாட்டு மட்டும் ஒரே இழுவை. கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன்."

ரசிகர்களான சுவர்க்கோழிகளுக்கு வந்ததே கோபம். "பாட்டைப் பத்தி அதுக்கு என்னடா தெரியும்? வாலை அறுங்கடா" என்று கூட்டமாகச் சுவரேறின.

பின்னாலேயே அணில் பிலோமியும் குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடினாள். அவளுக்குக் கோபமில்லை, பயம்தான். ராப்பகலாகச் சிணுங்கும் குட்டி அந்தக் கடைசிப் பாட்டுக்குத்தான் தூங்கும். பல்லியின் பேச்சைக் கேட்டுத் தவளைகள் அதை எடுத்துவிட்டால்?

பல்லி வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு டியூப்லைட்டுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டது. துள்ளுகிற வாலை ஜெயித்த கோப்பை மாதிரித் தூக்கிக்கொண்டு சுவர்க்கோழிகள் ஊர்வலம் போயின.

பிலோமி குட்டியைக் கீழே வைத்தாள். "அக்கா, நிஜமாவே தூக்கம் வந்துச்சா?"

"பொய்யா சொல்றேன்? வாயிலிருந்த பூச்சிகூடப் பறந்துபோச்சு."

"இவன் அந்தப் பாட்டுக்கு மட்டும்தான்கா தூங்குறான்."

பல்லி குட்டியைப் பார்த்தது. பிறகு குளத்தின் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தது: "கடைசிப் பாட்டு இழுவைதான். ஆனா எடுத்துடாதீங்கப்பா, அதுக்கு ஆள் இருக்கு."

சாயங்காலம் குளத்தில் அந்தப் பாட்டு இழுக்கத் தொடங்கியது. குட்டியின் கண் செருகியது. நன்றி சொல்லலாமென்று பிலோமி நிமிர்ந்தாள். டியூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து மெல்லிய குறட்டை கேட்டது.