புத்தம்புதுச் சிலேட்டு

"ஏய் வெள்ளையம்மா! உனக்கு என்ன, பேய் கீய் புடிச்சிருச்சா?"

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஜெயபாலன் போட்ட சத்தத்தில் பள்ளிக்கூடக் கொட்டகையின் தகரம் அதிர்ந்தது.

வெள்ளையம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவள் கையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி. எதிரே தரையில் வரிசையாகப் பிள்ளைகள். அவர்கள் மடியில் அன்றைக்குத்தான் வந்திறங்கிய புத்தம்புதுச் சிலேட்டுகள்.

ஒன்று பாக்கியில்லாமல் எல்லாவற்றிலும் கத்தியால் கீறி வைத்திருந்தாள்.

மலாயாவில் ரப்பர் விலை விழுந்து, தோட்டம் பாதிச் சம்பளத்தில் ஓடிக்கொண்டிருந்த வருஷம் அது. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். கேள்விப்பட்ட குளுவாங் பட்டணத்து ஜவுளிக்கடை முதலாளி சதாசிவம், மனசு தாங்காமல் லாரியில் சிலேட்டுகளை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கூடவே, மறக்காமல், படம் பிடிக்க ஒரு சீனரையும்.

பிள்ளைகள் சிலேட்டை நெஞ்சில் அணைத்து நிற்க, நடுவே முதலாளி மாலையோடு நிற்க, படம் எடுத்தாயிற்று. தங்கராஜு வாத்தியார் அவரைக் கலியுகக் கர்ணன் என்றார். கர்ணன் ஒருவர் போதாதென்று பட்டிருக்க வேண்டும், பாரியையும் துணைக்கு அழைத்தார். பிறகு பெரிய மனிதர்கள் எல்லாரும் கிராணி வீட்டில் கோப்பி குடிக்கப் போனார்கள்.

குடித்துவிட்டு வந்து பார்த்தால் இந்தக் கோலம்.

"புள்ளைங்களுக்கு அடையாளம் வேணும்ல சாமி, அதான்..." என்று இழுத்தாள் வெள்ளையம்மா.

"அடையாளமா? இது என்ன இது?"

"அது மீனு. லெட்சுமணனோடது."

"இது?"

"ஏணி. அர்ச்சுனனுக்கு. பேரு எழுத எனக்கு எங்க சாமி தெரியும்?"

"வாத்தியார் எதுக்கு இருக்காரு? அவர் எழுத மாட்டாரா?"

"அவரு பல்பத்துல எழுதுவாரு. துடைச்சா போயிருமே."

கூட்டம் சிரித்தது. பேச்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. தன் மகனின் சிலேட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். மூலையில் ஒரு தென்னைமரம் ஆழமாக இறங்கியிருந்தது.

"அடிப்பாவி! எம்புள்ள மொத மொதல்ல தொட்ட சிலேட்டுடி இது! உன் கை விளங்குமா? உன் மவ சிலேட்டக் கீறிக்க, யாரு வேணாங்குறா? அடுத்தவ புள்ளைக்குக் கிடைச்சதும் வயிறு எரிஞ்சிருச்சோ?"

சதாசிவம் ஒரு சிலேட்டைக் கையில் எடுத்தார். கீறலை விரலால் தடவினார். தம் கன்னத்திலேயே கீறிவிட்டது போல முகம் சுருங்கியது.

"இந்தச் சனத்துக்கு நல்லதே செய்யக் கூடாது கிராணியாரே. தூக்கிக் கொடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

வாத்தியாருக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. "மன்னிக்கணும் முதலாளி. இவ எங்க ஆளு இல்ல. போன மாசம் பாலோ தோட்டத்துலேருந்து வந்தவ. படிப்போட அருமை தெரியாத ஜென்மம்."

முதலாளி முன்னால் தோட்டத்தின் மானம் போய்விட்டதே என்று கிராணிக்கு ஆத்திரம்.

"நாளைக்குக் காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல உன் பேரைக் கூப்பிட மாட்டேன். உனக்கு இங்க வேலை இல்ல. ஊருக்குப் போற அடுத்த கப்பல்ல நீயும் உன் மவளும் ஏறிக்கிங்க!"

வெள்ளையம்மாவின் மகள் புஷ்பவள்ளி ஓடிவந்து அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, அது மட்டும் வேணாம் சாமி! அங்க எங்களுக்கு நாதி கிடையாது. கஞ்சிக்கு எங்க போவோம்?"

"அப்ப முதலாளி கால்ல விழு. தெரியாம செஞ்சிட்டேன்னு சொல்லு."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு விழுந்தாள்.

"மன்னிச்சிருங்க சாமி."

"தெரியாம செஞ்சிட்டேன்னு சொல்லுடி!"

வெள்ளையம்மா எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அத மட்டும் கேக்காதீங்க. தெரிஞ்சுதான் செஞ்சேன்."

"பார்த்தியா திமிர!" என்று யாரோ கத்தினார்கள். கிராணி கையை ஓங்கிவிட்டார்.

சதாசிவம் குறுக்கே வந்து தடுத்தார். எல்லாக் கண்களும் தம்மேல் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"விடுங்க கிராணியாரே. அறியாத பொம்பள. வேலையில இருந்துட்டுப் போகட்டும். கீறலோ கோடோ, சிலேட்டையும் பிள்ளைகளே வச்சுக்கட்டும். நான் கொடுத்தது கொடுத்ததுதான்."

"தங்கமான மனுஷன்!" என்று பேச்சியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். வாத்தியார் கைதட்ட, கூட்டமும் தட்டியது. வெள்ளையம்மாவைப் பார்த்துக் காறித் துப்பியவர்களும் உண்டு.

சீனரின் படப்பெட்டியை லாரியில் ஏற்றிவிட்டு, கையில் காலிப் பெட்டியோடு அப்போதுதான் கொட்டகைக்குள் வந்தார் லாரிக்கார வேலு. நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. பிள்ளைகளின் மடியை எட்டிப் பார்த்தவர் பதறிப்போனார்.

"அலமாக்! என்ன முதலாளி இது? பாலோவுல செஞ்ச மாதிரியே படம் எடுத்ததும் திருப்பி வாங்கி அடுக்கச் சொன்னீங்களே... இப்படிக் கீறிப்போட்டா, நாளைக்கு சாஆ தோட்டத்துல இதையெல்லாம் எப்படிப் புதுசுன்னு கொடுக்கிறது?"