கட்டுப் போட்ட கை

"ஒரு மாசத்துக்குக் கையை அசைக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார் சார்!"

கோல்ஃப் கிளப் வாசலில் வலது மணிக்கட்டுக் கட்டை முதலாளியிடம் காட்டி, அழாத குறையாகச் சொன்னார் மேனேஜர். டாக்டராவது மண்ணாவது! அது சற்றுமுன் காருக்குள் அவர் மனைவி சுற்றிவிட்ட கட்டு.

ஜெனரல் மேனேஜர் நாற்காலி காலியாக இருந்தது. முதலாளிக்கு கோல்ஃப் என்றால் உயிர் என்பது ஆபீஸ் முழுக்கத் தெரிந்த சங்கதி. உடனே இவரும், "நானும் வாராவாரம் ஆடுவேன் சார்" என்று அளந்துவிட்டார். கம்பெனி பார்ட்டியை இங்கே வைக்கலாம் என்று முந்திரிக்கொட்டையாக யோசனை சொன்ன புண்ணியவானும் இவரேதான்.

பார்ட்டியன்று முதலாளியோடு ஆட வேண்டியிருக்கும் என்பது அப்புறம்தான் உறைத்தது. மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட அய்யாவுக்குத் தெரியாது.

"அடடா! பரவாயில்லை, உடம்புதான் முக்கியம்" என்றார் முதலாளி. அவருடைய கோல்ஃப் ஷூ கடையில் வாங்கிய அன்று போலப் பளபளத்தது. பெரிய மனுஷன்னா இப்படி இருக்கணும் என்று மேனேஜர் உருகிப்போனார்.

அதே நாற்காலிக்குப் போட்டி போடும் சேல்ஸ்காரர், கணுக்கால் வரை சேறும் தோளில் மட்டைப் பையுமாக ஓடி வந்தார். இவர் நிஜமாகவே காசு கொடுத்து ஆட்டம் கற்றுக்கொண்டவர். காக்கா பிடிப்பதிலும் ஒரு உழைப்பு வேண்டுமல்லவா?

"சார், காலையிலேயே ஒரு ரவுண்டு முடிச்சிட்டேன். வாங்க, நாம ரெண்டு பேரும் ஆடலாம்!"

"தரை ஈரமா இருக்கே. முதல்ல சாப்பிடுவோம்" என்றார் முதலாளி.

சாப்பாட்டு ஹாலில் முதலாளியின் பக்கத்து நாற்காலியில் சேல்ஸ்காரர் பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டார். எப்படி நிற்பது, எப்படி அடிப்பது என்று ஓயாமல் பேச்சு. முதலாளி தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

"போச்சு, பதவி அவருக்குத்தான். உங்களை யாரு இங்க பார்ட்டி வைக்கச் சொன்னது?" என்று பல்லைக் கடித்தாள் மேனேஜரின் மனைவி.

மேனேஜருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் பசி விடுமா? துக்கத்தோடு எழுந்துபோய், கட்டுப் போட்ட கையாலேயே கரண்டியைப் பிடித்துத் தட்டில் மலை மாதிரி குவித்தார்.

"ஐயோ, கை! கை!" என்று மனைவி இடுப்பில் கிள்ளினாள்.

நிமிர்ந்தால், எதிரே முதலாளி. அவர் கட்டைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், நேராக மைக்கை நோக்கி நடந்தார். இருக்கிற வேலையும் போயிற்று என்றே மேனேஜர் முடிவு கட்டிவிட்டார்.

"நம்ம புது ஜெனரல் மேனேஜர்..." என்று இழுத்த முதலாளி, கட்டுப் போட்ட கையைத்தான் சுட்டிக்காட்டினார். ஹால் முழுக்கக் கைதட்டல். சேல்ஸ்காரரின் முகத்தில் ஈயாடவில்லை.

மேனேஜர் ஓடிப்போய்க் கும்பிட்டார். "சார்... கையில அடி எதுவும் இல்ல சார். எனக்கு ஆடவே தெரியாது. மன்னிச்சிடுங்க. எனக்குப் போய்..."

முதலாளி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அவர் காதருகே குனிந்தார்.

"யோவ், ஆடத் தெரிஞ்சவனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டா, எனக்கு ஆடத் தெரியாதுன்னு வெளிய தெரிஞ்சிடாதா?"