மச்சானுக்கு ஒரு ஓட்டு

கெரிட் இருபத்தோராவது சீட்டைப் பிரித்தார். "கிம்பல்."

மீதிச் சீட்டுகள் பாப்கார்ன் வாளியில் கிடந்தன. மொத்தம் எழுபத்து நான்கு. உள்ளே வந்தவர்களைக் கதவருகே நின்று நானே எண்ணியிருந்தேன்.

பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில், பிள்ளைகளின் குட்டை மேசைகளில் முழங்கால் இடிக்க ஊர் உட்கார்ந்திருந்தது. கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்று ஐயோவாவில் நாங்கள் இப்படித்தான் முடிவு செய்கிறோம். ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் ஒருவர் எழுந்து இரண்டு நிமிடம் பேசுவார். பிறகு வெற்றுச் சீட்டில் பெயரை எழுதிப் போட வேண்டியது. பேசியவர் மேசையருகே நின்று எண்ணுவதைப் பார்க்கலாம்.

ராய்ஸ் ஹாகனுக்காகப் பேசியவன் நான்.

ராய்ஸ் என் மனைவி மார்லிஸின் அண்ணன். பக்கத்து மாநிலத்தில் ஆளுநராக இருந்தவர். மற்றவர்களெல்லாம் வசந்த காலத்திலிருந்தே ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்க, இவர் டிசம்பர் பன்னிரண்டாம் தேதிதான் போட்டியில் இறங்கினார். இருக்கிறவர்களில் ஒருவர்கூட உண்மையான பழமைவாதி இல்லை, அதனால் வந்தேன் என்றார்.

"அறுவடை முடிஞ்ச வயல்ல வெதைக்க வந்திருக்காரே ஒம் மச்சான்" என்று கெரிட் சிரித்தார்.

இன்றைய கூட்டத்தை நடத்தும் கெரிட், இன்னொரு வேட்பாளரான கிம்பலின் ஆள். தானியக் கிடங்கின் மேலாளர். பதினெட்டு வருஷமாக நான் அங்கே லாரிகளை எடை போடுகிறேன். ஏப்ரலில் அவர் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி எனக்கா, வேறு ஆளுக்கா என்பது அவர் கையில் இருந்தது.

இன்று சாயங்காலம் கிடங்கை மூடும்போது என் தோளில் கை போட்டார்.

"பேசுறது பேசுப்பா வெர்லின். குடும்பம், புரியுது. எழுதும்போது மட்டும் யோசிச்சு எழுது. ஒங் கையெழுத்து எனக்குத் தெரியும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இருபத்தொன்பது. முப்பது.

புது வருஷத்துக்கு மறுநாள் ராய்ஸ் எங்கள் அடுக்களையில் உட்கார்ந்திருந்தார். "ரெண்டு நிமிஷம் எனக்காக எழுந்து பேசுங்க மாப்ள. இந்த ஊர்ல வேற யாரும் போடலேன்னாலும் உங்க ரெண்டு ஓட்டு விழும்ல?" என்றார். அவர் கோப்பை காலியாகும் முன்பே மார்லிஸ் காப்பியோடு எழுந்து நின்றாள்.

அவர் கார் தெருமுனை தாண்டியபிறகுதான் வாய் திறந்தாள். "பேசிடு. கேட்டுட்டாருல்ல."

அண்ணன் குடித்த கோப்பையை மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணன் தோற்று அவமானப்படுவாரே என்ற கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பத்து மூன்றாவது சீட்டு. கெரிட் அதை மற்றவற்றைவிட ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தார்.

"கிம்பல்."

அது என் சீட்டு.

என்னை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பெயரைக் கொஞ்சம் மென்மையாகப் படித்தார்.

நான் கணக்குப் போட்டுத்தான் எழுதியிருந்தேன். மார்லிஸ் அண்ணன் பெயரை எழுதுவாள். ராய்ஸுக்கு ஒரு ஓட்டு விழும். அது பேசியவன் போட்டது என்று ஊர் நினைத்துக்கொள்ளும். யார் போடவில்லை என்று ராய்ஸ் கேட்டால் இருவருமே நான்தான் போட்டேன், நான்தான் போட்டேன் என்று சொல்லிவிடலாம். என் வேலையும் தங்கும், உறவும் தங்கும். எல்லாமே ஒரு சீட்டில் இருந்தது.

அந்தச் சீட்டு வர வேண்டும்.

ஐம்பது. கிம்பல். ஐம்பத்தாறு. வேறொருவர். அறுபது. வாளியின் அடி தெரிய ஆரம்பித்தது. மூன்றாவது மேசையில் மார்லிஸ் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள். வாளியைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறுபத்தெட்டு.

கெரிட்டின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். என் மனைவி இடக்கைக்காரி. அவள் எழுத்துகள் காற்றுக்கு எதிரே நடப்பவை போலப் பின்னால் சாய்ந்து நிற்கும். முப்பது வருஷமாக வாழ்த்து அட்டைகளிலும் கடைக்குப் போகும் பட்டியல்களிலும் பார்த்த அந்த எழுத்து இந்தச் சீட்டில் இருந்தது.

"கிம்பல்" என்று படித்தார் கெரிட்.

இன்னும் ஆறு சீட்டுகள். ஊரில் யாராவது ஒரு பைத்தியம் ராய்ஸ் பெயரை எழுதியிருக்கக் கூடாதா என்று மனசுக்குள் மன்றாடினேன்.

எழுதவில்லை.

கெரிட் எழுந்து தொண்டையைச் செருமினார். "கிம்பல் நாற்பத்தொன்பது. மத்த மூணு பேருக்கும் சேத்து இருபத்தஞ்சு. ஹாகன்..." காகிதத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "ஹாகனுக்கு ஒண்ணும் இல்ல."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "யோவ் வெர்லின், மச்சானுக்கு வாய்ப்பந்தல் மட்டுந்தானா?"

சிரிப்பு மேசை மேசையாகப் பரவியது. அந்தச் சிரிப்பின் நடுவே நான் மார்லிஸிடம் நடந்தேன். ஏன் என்று கேட்க வாய் எடுத்தேன். கேட்டால் அவளும் என்னிடம் அதையே கேட்பாள்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ போட்டிருவியோன்னுதான் பயந்துக்கிட்டே இருந்தேன்" என்றாள். "பதினேழு வருஷம் அந்தாளோட ஒரே வீட்ல இருந்தவ நான், வெர்லின். நாடு முழுக்க அந்தாளு கைல போகலாமா?"

முப்பது வருஷத்தில் அவள் அண்ணனை 'அந்தாளு' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகு குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"மாவட்டத்துக்கு மொத்தமாத்தான கணக்கு அனுப்புவாங்க? ஊர் ஊராப் பிரிச்சு வெளிய வராதுல்ல? வந்தா அந்தாளு கண்ணுல பட்டுடும்."

மேசையில் கெரிட் போனை எடுத்து, எங்கள் ஊர்ப் பெயருக்கு நேரே எண்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார்.