தெரியாது என்பதற்கு இங்கிலீஷில்

துரைசானி கேள்வியைக் கேட்டு முடித்தாள். சுந்தரவரதனுக்குக் கேள்வி புரிந்தது. பதில்தான் இல்லை.

உத்திரமேரூர் கல்வெட்டு மண்டபத்தில் அப்போது நாலு பேர். கேள்வி கேட்ட துரைசானி. கழுத்தில் காமிரா மாட்டிய அவள் புருஷன். சென்னை டூரிஸ்ட் ஆபீஸிலிருந்து பரீட்சை வைக்க வந்த அதிகாரி. கைடு வேலைக்கு மனுப் போட்ட சுந்தரவரதன். ஊருக்கு ஒரே ஒரு கைடுதான் எடுக்கப் போகிறார்கள்.

அவள் கேட்டது இதுதான். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரில் ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு, குலுக்கி எடுத்து, சபைக்கு ஆள் சேர்த்தார்களாமே. அந்தக் குடத்தில் நிலம் இல்லாத கூலிக்காரன் பேரும் இருந்ததா?

அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார்.

இந்த மாதிரி இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று தானியேல் சொல்லிக் கொடுத்திருந்தான். சங்கடமே அதுதான்.

தானியேல் மிஷன் டாக்டர் பங்களாவில் மேஜைக்குச் சாப்பாடு எடுத்து வைத்தவன். டாக்டர் சீமைக்குக் கப்பலேறியதும் கழனிக் கூலிக்குத் திரும்பினான். டாக்டருடைய இங்கிலீஷ் மட்டும் அவனோடு தங்கிவிட்டது. சுந்தரவரதனுக்கு எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷ் அறுபத்திரண்டு மார்க். அந்த அறுபத்திரண்டில் ஒன்றுகூட வாய் வழியாக வெளியே வந்ததில்லை.

மூன்று மாசம் ஏரிக்கரையில் பாடம் நடந்தது. வீட்டில், காவாந்தண்டலத்துக்கு நிலம் பார்க்கப் போவதாகப் பேர். கரை மேல் மாணவன் உட்காருவான், சரிவில் ஆசிரியன். இங்கிலீஷ் கீழேயிருந்து மேலே ஏறி வந்தது. ஆசிரியன் மாணவனை ‘சாமி’ என்பான். மாணவன் ஆசிரியனை ‘ஏண்டா’ என்பான்.

துரைசானிக்கு முதலில் வழி விட வேண்டும். சம்பளம் எவ்வளவு, குழந்தை எத்தனை என்று கேட்கக் கூடாது. தண்ணீர் கொடுக்கக் கூடாது, சோடாதான். எல்லாம் சொல்லிக் கொடுத்த தானியேல் கூலி என்று எதுவும் கேட்கவில்லை.

சந்தேகம் அங்கேதான் முளைத்தது.

அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் சுந்தரவரதன், ராஜாராமன் வாத்தியார் வீட்டு டிக்‌ஷனரியில் ரகசியமாகச் சரிபார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. சந்தேகம் இன்னும் பலத்தது. சும்மா சொல்லிக் கொடுக்கிறவன் எதற்காக இவ்வளவு சரியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்?

போன வாரம் தபால்கார இருசப்பன் விஷயத்தை உடைத்தார். அதே வேலைக்குத் தானியேலும் மனுப் போட்டிருக்கிறான்.

கேட்டதற்கு அவன் ஒளிக்கவில்லை. ஆமாம் சாமி, போட்டுக்கீறேன், நீங்க கேக்கலியே என்றான். சொல்லிவிட்டு அன்றைய பாடத்தையும் நடத்தினான். அதுதான் கடைசிப் பாடம்.

“தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடுங்க சாமி. ஐ டோன்ட் நோ. கதை கட்டினா மூஞ்சப் பாத்தே கண்டுபுடிச்சிக்குவாங்க.”

சுந்தரவரதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் வம்சம் ஏழு தலைமுறையாகக் கோயிலில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி வந்திருக்கிறது. தூணைக் காட்டிக் கேட்டால் தூணுக்கு ஒரு கதை. படியைக் காட்டிக் கேட்டால் படிக்கு ஒன்று. தெரியாது என்று ஒருத்தரும் சொன்னதில்லை. அந்த வார்த்தை அவனுக்குத் தமிழிலேயே வராது.

மூன்று மாசம் நல்ல சரக்காகக் கொடுத்ததெல்லாம் இந்த ஒன்றைத் தலையில் கட்டத்தான் என்று அவனுக்கு விளங்கிவிட்டது.

இன்று காலையில் தானியேலுக்குப் பரீட்சை முடிந்திருந்தது. எதிரே வந்தவன், துரைக்குத் தாகம், சேட்டு கடையில் நாலு சோடா எடுத்து வைக்கச் சொல்லிக்கீறேன் என்றான். சுந்தரவரதன் வேறு கடையில் வாங்கிக்கொண்டு வந்தான்.

துரைசானி காத்துக்கொண்டிருந்தாள்.

சுந்தரவரதன் பிரம்பால் சுவரைத் தொட்டான். எல்லார் பேரும் இருந்தது மேடம், கூலிக்காரன் பேரும் இருந்தது என்று தடங்கலில்லாத இங்கிலீஷில் சொன்னான்.

பிரம்பு தொட்ட வரி, கால் வேலி நிலமாவது இல்லாதவன் பேரைக் குடத்தில் போடக் கூடாது என்கிறது. அந்தப் பழைய எழுத்து அவனுக்குப் படிக்க வராது. அதிகாரிக்கும் வராது.

துரைசானி கையிலிருந்த சின்னப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். புத்தகத்தை மூடிக்கொண்டாள்.

அதிகாரி பூரித்துப் போனார். ‘ஜனநாயகம்’ என்று எழுதி அடியில் கோடு போட்டார். வெள்ளைக்காரர்கள் படம் பிடிக்க நகர்ந்ததும், பத்து நாளில் ஆர்டர் வந்துவிடும் என்று காதோடு சொன்னார்.

அதோடு விட்டிருக்கலாம். காலையில் வந்தவன் எப்படி என்று சுந்தரவரதன் கேட்டான்.

“இங்கிலீஷ் அவனுக்குத் தண்ணிபட்ட பாடு மிஸ்டர். ஆனா இந்தம்மா இதே கேள்வியைக் கேட்டதுக்கு, ஐ டோன்ட் நோன்னுட்டான். நான் திருப்பிக் கேட்டேன். அப்பவும் அதேதான். கைடுன்னா ஏதாவது ஒண்ணு சொல்ல வேணாமா?”

சுந்தரவரதன் பிரம்பைக் கீழே இறக்கினான்.

முதல் மாசம், ஏரிக்கரைச் சரிவில் உட்கார்ந்தபடி தானியேல் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தான். அந்தக் குடத்துல எங்க சேரி ஆளுங்க பேரும் போட்டாங்களா சாமி, என்று. போட்டாங்கடா, எல்லார் பேரையும் போட்டாங்க என்று சுந்தரவரதன் அடித்துச் சொல்லியிருந்தான். தானியேல் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான்.

கேட்டுக்கொண்டான். அவ்வளவுதான், நம்பவில்லை.

சுந்தரவரதனுக்கு மனசு விட்டுப்போயிற்று. மூன்று மாசம் பக்கத்தில் உட்கார்ந்து பழகிவிட்டு, ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனை இப்படியா சந்தேகப்படுவான்.