இரண்டாவது கப்பல்

மருத்துவமனையில் நினைவின்றிக் கிடக்கும் தம்பி கண் விழித்ததும் எந்தக் கணினியைக் கொண்டுபோவது? அதைப் பார்க்கத்தான் நானும் அக்காவும் எங்கள் மூன்று பழைய வீட்டுக் கணினிகளிலும் அவனுக்குப் பிடித்த, இருவர் ஆடும் விண்வெளிப் போர் விளையாட்டை ஓட்டினோம்.

முதலாவதில் கப்பல்கள் வெறும் கோடுகள். அக்கா சுட்டாள். ஆளில்லாமல் நிற்க வேண்டிய இரண்டாவது கப்பலும் சுட்டது. இடப்பக்கம் திரும்பிப் பாறையில் மோதியது.

"அதுக்கு ஜாய்ஸ்டிக்கே மாட்டலையேடா!"

எதுவும் செருகாத ஜாய்ஸ்டிக் துளையில் மின்னழுத்தம் தானாக ஏறி இறங்கும், கணினி அதைக் கையசைவு என்று எண்ணிக்கொள்ளும் என்று விளக்கினேன்.

இரண்டாவதில் நிறங்கள் உண்டு, நகர்வு மட்டும் தத்தித் தத்தி. அங்கும் அதே இடப்பக்கம், அதே மோதல். வெவ்வேறு கணினிகள் வெவ்வேறு விதமாகத்தான் பழுதாகும். குனிந்து துளையைப் பார்த்தேன்; காலியாகத்தான் இருந்தது.

"தம்பி எப்பவும் இப்படித்தான் போய் முட்டுவான், மடையன்," என்றாள் அக்கா.

மூன்றாவதுதான் சீராக ஓடும். இரண்டாவது கப்பலுக்கு எதிரே பாறை வந்தது.

"வலது பக்கம்டா, வலது!" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள்.

கப்பல் சற்றுத் தயங்கியது. பிறகு வலப்பக்கம் திரும்பிப் பாறையைத் தாண்டிப் பறந்தது.

கூடத்தில் தொலைபேசி அடித்தது.

"நீ போய் எடு," என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் இங்க அவனுக்குத் துணையா இருக்கேன்."