பாசிக்கு வந்த கடல்

கோடையில் சூரியன் மறையவே மறந்துபோகும் வடகோடியில், செங்குத்தான பாறையின் அடியில் ஒரு பாசி இருந்தது. அது கடலைப் பார்த்ததே இல்லை. பாறை உச்சியில் கூடு கட்டியிருந்த கடற்பறவைதான் தன் எச்சத்தில் தினமும் அதற்குக் கடலைக் கொண்டுவந்து போடும். சுற்றிலும் வெறுங்கல்லாய்க் கிடந்த அந்த இடத்தில், அதைத் தின்று பாசி மட்டும் பச்சைப்பசேலென்று கனவு கண்டுகொண்டிருந்தது.

சில கோடைகளாக அந்தக் கடல் கசந்தது. இடையிடையே சிவப்பும் நீலமுமாகப் பிளாஸ்டிக் துணுக்குகள் வேறு.

"இன்னிக்குக் கடல் எப்படி இருக்கு?" என்று மேலிருந்து பறவை கேட்கும்.

"ரொம்ப நல்லாயிருக்குக்கா" என்று பாசி சொல்லும். அவ்வளவு தூரம் பறந்து கொண்டுவருகிறவளிடம் எப்படிக் குறை சொல்வது?

ஒருநாள் ஒரு பனிமான் தன் குட்டியோடு மூச்சிரைக்க வந்து நின்றது.

"மூணு நாளா நடக்கிறோம். கண்ணுல பட்ட பச்சை நீ மட்டும்தான். இவ இப்பத்தான் பால் மறந்திருக்கா. கொஞ்சம் மேஞ்சுக்கட்டுமா?"

வேண்டாம், இது குட்டிக்கு ஆகாது என்று பாசிக்கு வாய்வரை வந்துவிட்டது. மேலே பறவை இருந்தது. காதில் விழுந்தால் அவள் மனசு என்ன பாடுபடும்?

"சாப்பிடட்டும்" என்றது பாசி.

குட்டி ஒரு வாய் மென்றது. "அம்மா, கசக்குதும்மா."

"உஷ். குடுத்தவங்க முகத்துக்கு நேரா அப்படியா சொல்வாங்க?" என்று தாய் அதட்டியது.

குட்டி கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியது. பிறகு பாசியைப் பார்த்து, "ரொம்ப நல்லாயிருக்குக்கா" என்றது.