ஆறு மணிக்கு மூடும் சேனல்

ஒரு விடுகதை. ஓர் அப்பாவும் மகளும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்குள் சண்டை இல்லை. ஆனாலும் திங்கள் முதல் வியாழன் வரை ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்வதில்லை. ஏன்?

யோசித்துவிட்டீர்களா? அப்பாவுக்கு மத்தியான டியூட்டி. அவ்வளவுதான் விடை.

மணிமாறன் காலையில் கண் விழிக்கும்போது மகள் அகிலா பள்ளிப் பேருந்தில் இருப்பாள். அவர் துபாய்க்குக் கிளம்பிப் போன பிறகுதான் அவள் ஷார்ஜா வீட்டுக்குத் திரும்புவாள். அவர் வரும்போது தூங்கியிருப்பாள். ஷார்ஜாவில் வெள்ளி முதல் ஞாயிறு வரை பள்ளி லீவு; அந்த நாட்களில் காலையில் மட்டும்தான் பேச்சு. டியூட்டி ரூமுக்குள் போன் கூடாது.

அம்மா உமாராணிக்கு ஒரு கிளினிக்கில் ரிசப்ஷன் வேலை. அவள் வர எட்டு மணி ஆகும். அதுவரை ஒன்பது வயது அகிலா தனி. கழுத்தில் சாவி, மேஜையில் ஹாட் பாக்ஸ், அவசரத்துக்கு எதிர் வீட்டு அஸ்மத் பீவி.

மணிமாறன் வேலை பார்ப்பது ஓர் அமெரிக்க கார்ட்டூன் சேனலின் வளைகுடா ஒளிபரப்பில். நாற்பது வருடங்களுக்கு முன் அங்கே கேபிளில் பிறந்த சேனல் அது. வீட்டுக்கு வீடு கேபிள் இருந்தவரை ராஜாவாக இருந்தது. பிறகு டிஷ் ஏறி, அரபியும் பேசக் கற்றுக்கொண்டு, இந்தப் பக்கம் வந்தது. இரண்டு முறை முதலாளி மாறியாயிற்று. இப்போது பிள்ளைகள் எல்லாரும் போனுக்குப் போய்விட்டார்கள். சேனலை மூடப்போகிறார்கள் என்று பேச்சு. மூடினால் மணிமாறனுக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் மூன்று பேருக்கும் விசா இல்லை.

இந்தக் கவலை போதாதென்று உமாராணிக்கு மகளைப் பற்றிய கவலையும் சேர்ந்துகொண்டது.

எட்டு மணிக்குக் கதவைத் திறந்தால் எப்போதும் அதே சேனல். மூன்று வயதுப் பிள்ளைகள் பார்க்கிற பொம்மைப் படம். அகிலா மடியில் வீட்டுப்பாடத்தை வைத்துக்கொண்டு, ஒரு வரி எழுதுவாள், நிமிர்ந்து டி.வி. பார்ப்பாள். மறுபடி ஒரு வரி எழுதுவாள்.

ஒருநாள் அஸ்மத் பீவி கூப்பிட்டுச் சொன்னாள்.

"தப்பா நெனக்காதீங்க உமா. ஒங்க புள்ள கீழே கடைக்குக் குப்பூஸ் ரொட்டி வாங்கப் போனாக்கூட, எங்க ஹிஃப்ஸாவக் கூப்புட்டு டி.வி. முன்னால உட்கார வச்சிட்டுப் போறா. நான் வர்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாதுன்னு ஆர்டர் வேற."

உமாராணிக்கு வெட்கமாகப் போயிற்று. தன் பிள்ளை கெட்டது போதாதென்று எதிர் வீட்டுப் பிள்ளையையும் கெடுக்கிறதே.

அகிலாவிடம் டேப்லெட்டைக் கொடுத்துப் பார்த்தாள். தினமும் ஒரு மணி நேரம் எந்தப் படம் வேண்டுமானாலும் பார்த்துக்கொள், டி.வி.யை மட்டும் விட்டுவிடு என்றாள். அகிலா டேப்லெட்டைத் தொடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புருஷனிடம் முறையிட்டாள். அவர் சிரித்தார்.

"எல்லாப் பிள்ளைகளும் எங்களை விட்டுட்டுப் போயாச்சு. மிச்சம் இருக்கிறது நம்ம பொண்ணு ஒருத்திதான். அவளையும் விரட்டுறியே."

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கு. அவ டி.வி.க்கு அடிமையாயிட்டா."

ஏப்ரலில் கடிதம் வந்தது. மே முப்பத்தொன்றாம் தேதி, சனிக்கிழமை மாலை ஆறு மணியோடு ஒளிபரப்பு நிறுத்தம். மணிமாறன் அன்றிலிருந்து வேலை தேடி மெயில் மேல் மெயில் அனுப்பிக்கொண்டிருந்தார். எந்தப் பக்கமிருந்தும் பதில் இல்லை.

கடைசி நாளன்று எல்லாரும் குடும்பத்தோடு ஆபீஸுக்கு வரலாம், கேக் வெட்டுகிறோம் என்று கம்பெனியில் சொன்னார்கள். அகிலா அப்பாவின் ஆபீஸைப் பார்த்ததே இல்லை. அப்பாவோடு ஒரு முழு மத்தியானம் இருந்ததும் எப்போதென்று அவளுக்கு நினைவில்லை.

சனிக்கிழமை உமாராணி லீவு போட்டாள். பன்னிரண்டு மணிக்கே புதுக் கவுனை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். அகிலா அதைப் போட்டுக்கொள்ளவில்லை.

"நான் வரல. டி.வி. பார்க்கணும்."

உமாராணி கையை ஓங்கிவிட்டாள். மணிமாறன் குறுக்கே வந்து, மகள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். அந்தச் சேனல் அவ்வளவு பிடிக்குமா என்று கேட்டார்.

"பிடிக்கவே பிடிக்காதுப்பா. எல்லாம் பேபி ஷோ."

"அப்புறம் ஏம்மா?"

"ரமலான் லீவுல நீங்கதானே சித்தப்பாகிட்ட போன்ல சொன்னீங்க, ஆள் பார்க்கலன்னா மூடிடுவாங்கன்னு. அதான் டெய்லி பார்க்கிறேன். கடைக்குப் போனா ஹிஃப்ஸா பார்ப்பா."

ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று உமாராணிக்குத் தெரியவில்லை.

டிஷ் படத்தைக் கொண்டுவந்து கொடுக்கும். யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் போய்ச் சொல்லாது. இந்த வீட்டில் டி.வி. ஓடியது துபாயில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பதினெட்டு வருடம் அந்த வேலையைப் பார்த்த மணிமாறன் அதைச் சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

"இன்னிக்கு ஆறு மணிக்கு எப்படியும் மூடிடுவாங்கம்மா. நீ என்கூட வா."

அகிலா கவுனைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"ஒரு ஆள் பார்த்துட்டு இருக்கும்போது எப்படிப்பா மூடுவாங்க?"

ஒன்றரை மணிக்கு மணிமாறன் மட்டும் கிளம்பிப் போனார். அகிலா வீட்டில் இருந்துகொண்டாள்.